லிப்ராதா வீட்டுச் சிட்டு

லிப்ராதாவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லத்தான் வேண்டும். என் மகளுக்கு ஞானத்தாய் அவள். எங்கள் கபோர்க்கா ஊர்ப் பள்ளிக்கூடத்து அடுப்படியில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தாள். கட்டை இல்லாமல் வெறுங்கையாலேயே முழ அகலத்துக்கு ரொட்டி வீசுவாள், ஓர் இடத்தில் கிழியாது. கல்யாணம் மட்டும் செய்துகொள்ளவில்லை. அதற்குக் காரணம் நான்தான் என்று ஊரில் பேச்சு. அவளுக்கு நிச்சயித்திருந்த நிக்கானோர் என் பின்னால் வந்தான். நான் கூப்பிடவில்லை. வந்தவனை விரட்டவுமில்லை.

ஊர் வாயை அடைக்க அவளையே ஞானத்தாயாக நிற்கச் சொன்னேன். முகம் கோணாமல் வந்து நின்றாள். அதுதான் எனக்கு இன்றுவரை பிடிக்கவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், திராட்சைக் கொடி வெட்டும் பருவத்தில் நிக்கானோர் செத்துப்போனான். செத்தவர்கள் ரீங்காரச் சிட்டாக வந்து சொந்தக்காரர்களைப் பார்த்துப் போவார்கள் அல்லவா? ஒன்பது நாள் ஜெபம் முடிந்ததும் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். சிட்டு வந்தது. என் தலைக்கு மேலே ஒரு கணம் நின்றது. பிறகு வேலியைத் தாண்டி, பக்கத்து வீட்டு லிப்ராதாவின் சுப்பரோசாச் செடியில் சிவப்புப் பூவைக் குடிக்கப் போய்விட்டது. மறுநாளும் அப்படியே. என்னோடு வாழ்ந்த முப்பத்தொரு வருஷம் தாண்டாத வேலியைச் செத்த பிறகு தாண்டினான்.

“நிக்கானோருக்கு எங்கே வயிறு நிறையும்னு தெரிஞ்சுபோச்சு போல, ஹோவிதா,” என்றாள் கடைக்காரி ரெய்முண்டா. வாங்கிய அவரையை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

வெயில் காலம் வந்ததும் ஒரு ஞாயிறு முழங்கால் வலி என்று பூசைக்குப் போகவில்லை. லிப்ராதா கோயிலுக்குப் போனதும் கத்தியோடு வேலிக்குள் நுழைந்தேன். பூவெல்லாம் கொட்டிவிட்டிருந்தது. எல்லாச் செடியும் இலை உதிர்ந்து குச்சி குச்சியாக நின்றன. ஒன்றை வேரோடு கிளறினேன். கையில் பால் வடிந்தது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். சுப்பரோசாவில் ஏது பால்? திருடுகிறவளுக்கு ஏது நிதானம், பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்து நட்டேன்.

இந்த வருஷம் அது பூத்தது. வெளிர்மஞ்சள் பூ, எருக்கஞ்சாதி. அதைத் தேடிக் கருநீலக் குளவிகள் வந்தன. ஒவ்வொன்றும் விரல் நீளம், துருப்பிடித்த நிறத்தில் இறக்கை. உள்ளங்கை அளவுச் சிலந்தியையே கொட்டி இழுத்துப் போகிற சாதி. அவளுக்குச் சிட்டு, எனக்குக் குளவி.

விடவில்லை நான். சிவப்பு மூடி போட்ட பாட்டிலில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டேன். ஒருநாள் காலை சிட்டு அதன் பக்கத்தில் வந்து நின்றேவிட்டது. பாட்டில் வாயில் ஒரு குளவி உட்கார்ந்திருந்தது. சிட்டு வேலிப் பக்கம் திரும்பியது. ஆத்திரத்தில் வெறுங்கையால் குளவியை அடித்தேன்.

கொட்டிவிட்டது. இந்தக் குளவி கொட்டினால் எங்கள் ஊரில் யாரும் வைத்தியரைத் தேடுவதில்லை. எங்கும் ஓடி விழாமல் தரையில் படுத்துக் கத்த வேண்டும், ஐந்து நிமிஷத்தில் வலி போய்விடும். படுத்தேன், கத்தினேன். லிப்ராதா வேலிக் கம்பியில் பாவாடை கிழிய ஓடி வந்து என் தோளை அழுத்திப் பிடித்தாள்.

“கத்துடி, நல்லாக் கத்து. வாயை மூடாத.”

“நீயே வச்சுக்கோடி அவனை!”

“யாரை?”

“நிக்கானோரை. தெனம் உன் செடிக்குத்தானே வர்றான்.”

லிப்ராதா பிடியைத் தளர்த்தினாள்.

“அது பொட்டைடி,” என்றாள். “ஆணுக்குக் கழுத்து ஊதாவா மின்னும். இதுக்கு எங்க இருக்கு ஊதா? என் வேலமரத்துல கூடு கட்டி ரெண்டு குஞ்சு பொரிச்சிருக்கு. உன் புருஷன் முட்டையா போடுவான்?”

வலியோடு எனக்குச் சிரிப்பும் வந்தது. அவள் சிரிக்கவில்லை.

“ஊதாக் கழுத்து வரும்னு நானுந்தான் சர்க்கரைத் தண்ணி வச்சுட்டு உக்காந்திருக்கேன். ரெண்டு வருஷமாச்சு. ஒரு நாள்கூட வரலை.”

என் புருஷனுக்கு இவள் காத்திருந்தாளாம். கை வலி நின்று நெஞ்சு எரிந்தது. ஆனாலும் அவளிடமும் வரவில்லை என்றது தேனாக இறங்கியது. பொய் சொல்வானேன், சந்தோஷப்பட்டேன். அதை அவளும் என் முகத்தில் பார்த்துவிட்டாள்.

என் உடம்பிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். இரண்டு முற்றத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“இங்கயும் வரலை, அங்கயும் வரலை,” என்றாள் மெதுவாக. “அப்போ யார் வீட்டுக்குடி போறான்?”