முப்பது பேரும் சொன்ன அரைக் கிலோ

புள்ளியியல் தேர்வுக்கு எனக்கு ஹால் டிக்கெட் கிடையாது என்று சார் சொன்னபோது வகுப்பு முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தது. என் சாட்சியை அங்கிருந்துதான் தொடங்க முடியும். நம் சபைத் தாளுக்கு எழுதச் சொன்ன பாஸ்டர் ஐயா, "கசப்ப எல்லாம் எடுத்துட்டு, கர்த்தர் செஞ்ச நன்மைய மட்டும் எழுதும்மா" என்றார். முயன்று பார்த்தேன். கசப்பை எடுத்துவிட்டால் நாலு வரிதான் மிஞ்சுகிறது. ஆகவே நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். அச்சடிப்பதும் கிழித்துப் போடுவதும் ஐயாவின் விருப்பம்.

என்னைத் தெரியாத வெளியூர் விசுவாசிகளுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் பழவேற்காடு ஏரிக்கரைப் பெண். அம்மா ஏரியில் இறங்கிக் கையால் இறால் தடவி எடுப்பவர். பறி என்கிற பனை ஓலைக் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, தண்ணீரில் குனிந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவிக்கொண்டே போவார். நைனா நண்டு வலை விடுகிறார். சபைக்கு வருவதில்லை. நான் பொன்னேரியில் ஒரு கல்லூரியில் பி.காம். படிக்கிறேன். எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான்.

சேரும்போதே நைனா ஒரு நிபந்தனை போட்டார். "ஒரு பேப்பர் போச்சின்னா படிப்பு நின்னுச்சி. மறுநாளே இறால் கம்பெனி வேன்ல ஏறிக்கோ." அவர் விளையாட்டுக்குப் பேசுகிறவர் இல்லை. அந்த வேனில் ஏறிப்போன என் வயதுப் பெண்களின் விரல்களைப் பார்த்திருக்கிறேன். நாள் முழுக்க ஐஸ் தண்ணீரில் இறால் உரித்து, நுனியெல்லாம் வெளுத்துத் தோல் உரிந்திருக்கும். பஸ்ஸில் போகும்போது அந்த வேன் எதிரில் வந்தால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

இரண்டாம் ஆண்டில் புள்ளியியல் வந்தது. முதல் நாளே சார் பலகை நிறையச் சட்டங்களை எழுதிப் போட்டார். எழுபத்தைந்து சதவீதம் வருகை இல்லாவிட்டால் தேர்வு எழுத முடியாது. கால்குலேட்டர் சொந்தமாக வேண்டும், போனில் கணக்குப் போடக்கூடாது. ரெக்கார்டு நோட்டில் வரைபடம் எல்லாம் பென்சிலில்தான் இருக்க வேண்டும். உள்தேர்வு எதையும் தவறவிடக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சர்வே. முப்பது பேரை நேரில் பார்த்து ஒரே கேள்வியைக் கேட்டு, கிடைத்த எண்களுக்குச் சராசரியும் திட்ட விலக்கமும் கண்டுபிடிக்க வேண்டும். திட்ட விலக்கம் என்றால் பயப்படாதீர்கள். அந்த எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்று சொல்வது, அவ்வளவுதான்.

"சர்வேல நான் கையெழுத்துப் போடலன்னா ஹால் டிக்கெட் கிடையாது. பஸ் வரல, தண்ணி ஏறிடுச்சின்னு கதை சொல்றவங்க இப்பவே வேற டிபார்ட்மென்ட் பாத்துக்குங்க" என்றார். சொல்லும்போது எங்கள் பெஞ்சைத்தான் பார்த்தார். ஏரிப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் நாங்கள் நாலு பேர்தான்.

நான் எல்லாச் சட்டத்தையும் காத்தேன். பஸ் படியில் தொங்கிக்கொண்டு போய்க் காத்தேன். சர்வே என்றதும் சந்தோஷம்கூடப் பட்டேன். மற்றவர்கள் யாரைக் கேட்பது, எதைக் கேட்பது என்று முழித்தார்கள். எனக்கு அந்தக் கவலை இல்லை. அம்மாவோடு இறால் தடவப் போகிற பெண்களே முப்பதுக்கு மேல் இருக்கிறார்கள். பாதிப் பேர் நம் சபையார். "நேற்று எத்தனை கிலோ கிடைத்தது?" என்று கேட்டால் முடிந்தது என்று நினைத்தேன்.

என் முட்டாள்தனத்தை என்ன சொல்வது. எடுத்த இறாலை வாய்விட்டுச் சொன்னால் கண் பட்டுக் கை காய்ந்துவிடும், அப்புறம் இறால் அகப்படாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. பறி வழிய வழியக் கொண்டுவந்தாலும் "கொழம்புக்கு கீது" என்பார்கள். இது எனக்குத் தெரியாததா? தெரியும். ஆனாலும் கல்லூரி கேட்கிறது, நான் கேட்கிறேன், ஒரே ஜெப வீட்டில் உட்காருகிறவர்கள், சொல்வார்கள் என்று நம்பினேன். நாம் ரட்சிக்கப்பட்டபோது கையிலிருந்த கயிற்றை அறுத்தோம். வாசலில் தொங்கிய பூசணிக்காயைக் கழற்றினோம். இந்தக் கண் பயத்தை மட்டும் பத்திரமாக ஜெப வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டோம்.

முதலில், அம்மாவோடு ஏரிக்குப் போகும் மெர்சி அக்காவிடம் போனேன். "இன்னாத்த கெடச்சிது, அரைக் கிலோ இருக்கும்" என்றார். அடுத்த வீட்டிலும் அரைக் கிலோ. அதற்கடுத்த வீட்டில் "கொழம்புக்குதாம்மா" என்றார்கள். குழம்புக்கு எவ்வளவு என்று கேட்டால் அதுவும் அரைக் கிலோ. சொந்த வீட்டுக்கு வந்து அம்மாவைக் கேட்டேன். எங்கள் கண் முன்னாலேயே எடை போட்டு வியாபாரியிடம் கொடுத்த அம்மா, முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அரைக் கிலோன்னு போட்டுக்கோயேன்" என்றார்.

முப்பது பேருக்கும் அரைக் கிலோ. சராசரி அரைக் கிலோ. திட்ட விலக்கம் பூஜ்யம். கால்குலேட்டர்தான் கெட்டுவிட்டது என்று நினைத்துத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். பூஜ்யம்தான் வந்தது. கேட்டது கேட்டபடி எழுதுவதுதானே உண்மை என்று அதையே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

சார் அதை வகுப்பில் எல்லோருக்கும் படித்துக் காட்டினார். "ஏம்மா, ஏரியில இருக்கிற எறா எல்லாம் கூட்டம் போட்டுப் பேசி, ஆளுக்கு அரைக் கிலோன்னு வந்து மாட்டிக்கிச்சா?" என்று கேட்டார். அப்போதுதான் எல்லோரும் சிரித்தார்கள். "வீட்ல உக்காந்து எழுதறவங்க கொஞ்சம் புத்தியோட எழுதணும். அடுத்த திங்கள்கிழமைக்குள்ள ஒழுங்கா செஞ்சிட்டு வா. இல்லன்னா ஹால் டிக்கெட்ட மறந்துடு" என்று நோட்டை மேசையில் போட்டார். எங்கள் ஊர்ப் பழக்கத்தைச் சொல்ல வாயெடுத்தேன். "கதை வேணாம்" என்றார்.

காட்டூரிலிருந்து வரும் கீதா என் பக்கத்தில் உட்காருகிறவள். விவசாயக் குடும்பம். முப்பது விவசாயிகளின் நெல் விளைச்சல் என்று அவள் எழுதிக் கொடுத்ததில் ஒரு விவசாயியும் கிடையாது. டிவி பார்த்துக்கொண்டே எழுதினாளாம். அதற்கு சார் "வெரிகுட்" போட்டிருந்தார். "இன்னாடி இதுக்குப் போய் அழற? நீயே கலைச்சிக் கலைச்சி எழுது. எண்ணு ஒரே மாதிரி இல்லன்னா அந்தாளுக்குப் போதும்" என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். வீட்டுக்கு வந்து அப்படியே எழுதவும் உட்கார்ந்தேன். ஏழெட்டு எண்களோடு கை நின்றுவிட்டது. பக்தியால் நின்றது என்று பொய் சொல்ல மாட்டேன். கோபத்தால் நின்றது. பொய் எழுதாதபோதே பொய்க்காரி என்று பெயர் வாங்கிவிட்டேன். இனி அவர் சொன்னதை உண்மையாக்கவும் வேண்டுமா?

அந்த வாரம் முழுக்க ஜெபித்தேன். பஸ்ஸில் ஜெபித்தேன், பாத்திரம் தேய்க்கும்போது ஜெபித்தேன். ஆண்டவர் பேசவில்லை. அவரும் எனக்கு அரைக் கிலோ என்றுதான் பதில் சொல்லப்போகிறார் என்று தோன்றிவிட்டது. அவ்வளவு வெறுத்துப்போயிருந்தேன்.

வெள்ளிக்கிழமை பெண்களின் உபவாச ஜெபம். கல்லூரிக்குப் போகாமல் அம்மாவோடு போய் உட்கார்ந்தேன். நம் வழக்கப்படி எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு அவரவர் பாட்டுக்கு உரக்க ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு இந்தப் பக்கம் மெர்சி அக்கா. கண்ணீரோடு அவர் சொன்னது என் காதில் தெளிவாக விழுந்தது. "ஸ்தோத்திரம் தகப்பனே, நேத்து நாலு கிலோ குடுத்தீரே, ஸ்தோத்திரம்." எனக்கு முன்னால் இருந்தவர் மூன்றரைக்கு ஸ்தோத்திரம் சொன்னார். பின்னால் ஒரு குரல் ஒன்றேகால் கிலோவை வைத்துக்கொண்டு என்ன செய்வேன் என்று அழுதது. என் சர்வேயில் பாதி அந்தத் தகரக் கூரைக்குக் கீழே சத்தமாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

பையில் பேனா இருந்தது. எடுக்கவில்லை. கடவுளிடம் சொன்னதைத் திருட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு எரிந்தது.

ஜெப விண்ணப்பம் சொல்லும் நேரம் வந்ததும் எழுந்து நின்றேன். "எனக்காக யாரும் ஜெபம் பண்ணாதீங்க. எனக்குப் பதில் சொல்லுங்க" என்றேன். "ஆண்டவர்கிட்ட நாலு கிலோ, என்கிட்ட அரைக் கிலோவா? உங்க அரைக் கிலோவால என் படிப்பு நிக்கப் போவுது. திங்கக்கெழமைக்குள்ள உண்மையச் சொன்னீங்கன்னா பரீட்சை எழுதுவேன். இல்லன்னா வேன்ல போறேன்."

பாஸ்டரம்மா, "சபையில இப்படிப் பேசக்கூடாது, உக்காரு" என்றார். நான் உட்காரவில்லை. மெர்சி அக்கா தலை முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டார். அப்போது என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு அம்மா எழுந்தார். சபையில் ஒரு நாளும் சாட்சி சொல்லாதவர்.

"நேத்து எனக்கு ரெண்டே முக்கா கிலோ" என்றார். "எழுதிக்கோ."

கர்த்தர் எனக்குக் கொடுத்த பதில் அதுதான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவின் வாயிலிருந்து வந்தது. நான் அழுதுகொண்டே எழுதினேன். கொஞ்ச நேரம் கழித்து மெர்சி அக்கா தரையைப் பார்த்தபடி, "எனக்கு நாலு" என்றார். பிறகு ஒவ்வொருவராகச் சொன்னார்கள். சிலர் மறுநாள் எங்கள் வீட்டுப் பின்பக்கம் வந்து காதில் சொல்லிவிட்டுப் போனார்கள். சபைக்கு வராத பெண்களையும் அம்மாவே போய்க் கேட்டு அழைத்து வந்தார். திங்கள்கிழமை முப்பதும் என்னிடம் இருந்தது. சார் புரட்டிப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் வேலை செஞ்சிருக்க" என்று கையெழுத்துப் போட்டார். மன்னிப்பு எதையும் நான் எதிர்பார்க்கவில்லை, அவரும் கேட்கவில்லை. வரைபடம் அழகாக இருந்ததால் கீதாவுக்கு என்னைவிட அதிக மதிப்பெண்.

தேர்வு எழுதினேன், தேறினேன். நைனா கேட்டுவிட்டு "சரி" என்றார். வேனைப் பற்றிய பேச்சை அவர் அப்புறம் எடுக்கவே இல்லை. கர்த்தருக்கு நன்றி. இதை மனதாரச் சொல்கிறேன். பாஸ்டர் ஐயா கேட்ட நாலு வரி இதோடு முடிகிறது.

நான் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த ஐப்பசியில் மழை பிடித்தது. ஏரி பொங்கியது. மழைத் தண்ணீர் சேர்ந்து உப்புக் குறைந்ததும் இறால் கடல் பக்கம் இறங்கிவிட்டது. ஒவ்வொரு மழைக்கும் நடப்பதுதான். ஆனால் இந்த முறை காரணம் கிடைத்துவிட்டது. வாய்விட்டுச் சொன்னதால் போய்விட்டது என்றார்கள். முதலில் சொன்னது யார்? அம்மா. ஒன்றுக்குப் பின்னால் இன்னொன்று நடந்தால் அதனால்தான் இது நடந்தது என்று ஆகிவிடாது. புள்ளியியலில் இது ஒரு பாடம். தேர்வில் வந்த அந்தக் கேள்வியை ஒரு வரி விடாமல் எழுதினேன். அம்மாவுக்கு அதனால் ஓர் இறால்கூடக் கிடைக்கவில்லை.

தை மாதம் தண்ணீர் வற்றி உப்பேறியதும் இறால் திரும்பி வந்தது. பெண்கள் மறுபடி ஏரிக்குக் கிளம்பினார்கள். விடியலில் ஒவ்வொரு வாசலிலும் நின்று ஒரு குரல் கொடுத்து, சேர்ந்து போவதுதான் வழக்கம். எங்கள் வாசலில் யாரும் நிற்கவில்லை. ஒருவரும் ஒரு சொல் கடிந்து பேசவில்லை. கூப்பிடவில்லை, அவ்வளவுதான். அம்மா பறியை எடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் வாசலில் காத்திருந்துவிட்டுத் தனியாகப் போனார். அன்றிலிருந்து தனியாகத்தான் போகிறார்.

மாசியில் கெளுத்தி மீனின் முள் அம்மாவின் உள்ளங்கையில் ஏறிவிட்டது. வரிசையாகப் போகிறபோது முள் ஏறினால் பக்கத்தில் இருப்பவர் பிடுங்கி விடுவார். அம்மா பல்லால் பிடுங்கி எடுத்து, வீங்கிய கையோடு கரை வரைக்கும் தனியாக நடந்து வந்திருக்கிறார். அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எல்லோரும் அம்மாவின் கைக்காக ஜெபித்தீர்கள். உருகி உருகி ஜெபித்தீர்கள். மெர்சி அக்கா அழுதே விட்டார். திங்கள்கிழமை விடியலில் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போனீர்கள்.

இந்தப் பரீட்சைக்காக அப்படிச் சொல்லியிருக்க வேண்டாமே என்று அம்மாவிடம் ஒரு நாள் கேட்டேன். கைக்கு மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நான் இன்னா பொய்யா சொன்னேன்?" என்றார்.

அன்பானவர்களே, கர்த்தரை நம்புங்கள். வெறுத்துப்போயிருந்த எனக்கே பதில் கொடுத்தவர் உங்களுக்கும் கொடுப்பார். அவரிடம் உண்மை எடையைச் சொல்ல உங்களுக்குப் பயமில்லை, ஏனென்றால் அவர் கண் படாது என்று நம்புகிறீர்கள். பக்கத்தில் உட்காருகிறவளின் கண்ணும் படாது என்று நம்பிப் பாருங்கள். நேற்று அம்மாவுக்குக் கிடைத்தது ஒன்றரைக் கிலோ. தனியாகப் போய் எடுத்தது. யார் வேண்டுமானாலும் படித்துக்கொள்ளட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஒரே ஒரு விண்ணப்பம். அம்மாவுக்காக இனி யாரும் ஜெபிக்க வேண்டாம். நாளை விடியலில் போகும்போது எங்கள் வாசலில் நின்று ஒரு குரல் கொடுங்கள்.