தாகமில்லாத தனபால்

எங்கள் பக்கத்தில் யார் வாசலில் வந்து நின்றாலும் முதலில் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுப்போம். பால் கறந்தாயிற்றா, மழை உண்டா என்கிற பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான். வந்தவர் இரண்டு மடக்காவது குடித்துவிட்டால் இரண்டு வீட்டுக்கும் நடுவில் மனக்கசப்பு ஒன்றுமில்லை என்று அர்த்தம். குடிக்காமல் கீழே வைத்துவிட்டால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. கோவிந்தாபுரம் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம், கேரளத்துக்குள், வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் இதை வைத்துச் சம்பளம் வாங்கியவன் ஒருவன்தான். அவன் என் பெரியப்பா மகன் தனபால். எனக்கு அண்ணன். அண்ணனை அவன் இவன் என்கிறாளே என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

அவன் பிறந்ததிலிருந்தே கடன் வசூல் செய்தவன் இல்லை. தென்னந்தோப்பும் இரண்டு ஜோடி மாடும் இருந்த வீடு. ஆசை யாரை விட்டது? முதலமடையில் பெரிய மாந்தோப்பு ஒன்றைக் குத்தகைக்கு எடுத்தான். முதல் வருஷம் பூவே பிடிக்கவில்லை. அடுத்த வருஷம் பிடித்த பூவைக் காலம் தப்பிய மழை உதிர்த்துவிட்டுப் போனது. மருந்தடிக்கக் கடன், அந்தக் கடனைக் கட்டக் கடன். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்று வாங்கிக்கொண்டே போனான். கடைசிக் கடன் கொல்லங்கோட்டில் ஒரு பேக்கரிக்கு மேலே மாடியில் இருக்கும் பைனான்ஸ் கம்பெனியில்.

அங்கே மேனேஜர் ஜோமோள் என்கிற பெண். கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். அவளுக்கு மேலே இருப்பவன் அவளிடம் போனில் கத்துவான், அவள் தனக்குக் கீழே இருப்பவர்களிடம் கத்துவாள், அவ்வளவுதான். அவளுக்கு எங்கள் கிழக்குப் பக்கத்து வசூல்தான் தலைவலி. பாலக்காட்டுப் பையன்கள் பைக்கில் வந்து மலையாளத்தில் மிரட்டுவார்கள். எங்கள் ஆட்கள் தமிழில் திருப்பிக் கொடுத்துவிட்டு நாயை அவிழ்த்து விடுவார்கள். ஒருத்தன் ஹெல்மெட்டை விட்டுவிட்டு ஓடினான். அது இன்னும் ஒரு வீட்டில் கோழி முட்டையிடும் கூடையாக இருக்கிறது. கட்ட முடியாமல் நின்ற தனபாலைப் பார்த்து ஜோமோள் யோசித்தாள். நீங்கள் இந்த ஊர்க்காரர், எல்லாரும் உங்கள் சொந்தம், வசூலுக்குப் போங்கள், சம்பளத்தில் உங்கள் கடனைப் பிடித்துக்கொள்கிறோம் என்றாள். அடி உதவுவது போல் அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்பார்கள். கம்பெனிக்கு அடி உதவவில்லை, அண்ணன் தம்பிதான் உதவினான்.

தனபால் கத்த மாட்டான். கெட்ட வார்த்தை அவன் வாயில் வராது. சொசைட்டிக்குப் பால் போகிற நேரமாகப் பார்த்து வருவான். அப்போதுதான் தெருவில் ஆள் நடமாட்டம் அதிகம். "ஏனுங் மாமா, நல்லாருக்கறீங்ளா?" என்று கேட்டுக்கொண்டே வாசலில் கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவான். தண்ணீர் வரும். வாங்கி, காலடியில் வைத்துவிடுவான். மாடு சினையா என்று கேட்பான், மகளுக்குப் பரீட்சை எப்படி என்று கேட்பான். கடன் என்கிற வார்த்தையே பேச்சில் வராது. குடிங்க என்று சொன்னால் சிரித்துக்கொண்டு, "தாகமில்லீங், இருக்கட்டும்" என்பான்.

பால் கேனோடு போகிறவர்கள் எல்லாரும் அந்த நிறைந்த சொம்பைப் பார்ப்பார்கள். பங்காளி வீட்டில் பங்காளி தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறான் என்றால் அதைவிட அசிங்கம் வேறு என்ன வேண்டும்? வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்காரி புழக்கடை வழியாக ஓடி யாரிடமாவது கைமாற்று வாங்கிவிடுவாள். பணம் கைக்கு வந்ததும் ஒரே மூச்சில் சொம்பைக் காலி செய்துவிட்டு, "வர்றனுங்" என்று எழுந்து போவான். நீங்கள் நினைப்பது சரிதான், என் வாசலிலும் உட்கார்ந்தான். கட்டியவன் போன பிறகு தையல் மெஷினுக்கு நான் வாங்கிய கடன் அது. அன்றைக்குக் கழற்றிய கம்மலுக்குப் பதிலாக இன்றைக்கும் கவரிங்தான் கிடக்கிறது.

ஜோமோள் மற்ற பையன்களையும் இவனிடம் பழக அனுப்பிப் பார்த்தாள். அவர்கள் குடிக்காவிட்டால் யாருக்கு என்ன? வெயிலுக்குக் குடிக்க மாட்டேன் என்கிற பைத்தியம் என்று சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். அதனால் தனபாலுக்குத்தான் மதிப்பு. வருஷக் கூட்டத்தில் பிரஷர் குக்கர் பரிசு கொடுத்தார்கள்.

அவன் சுகமாக இருந்தான் என்று யாரும் நினைக்க வேண்டாம். போகிற வீட்டின் முன்னால் நின்று போனில் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் அன்றைக்குச் சம்பளம் இல்லை. பெட்ரோல் சொந்தக் காசு. மாசக் கடைசியில் குளிக்கும்போதுகூட போன் அடிக்கும். காதுகுத்து, புதுவீடு என்று ஒரு விசேஷத்துக்கும் அவனை யாரும் நேரில் வந்து அழைப்பதில்லை. பத்திரிகையைக் கேட்டில் செருகிவிட்டுப் போவார்கள். விசேஷம் முடிந்த மறுநாள் மொய்ப்பணம் இருக்கும் என்று கணக்குப் போட்டு வருவான் என்கிற பயம். அந்தப் பயம் பொய்யுமில்லை. காலையிலிருந்து மத்தியானம் வரை வெயிலில் தண்ணீர் தொடாமல் உட்கார்ந்து உட்கார்ந்து அவனுக்குச் சிறுநீரகத்தில் கல் வந்தது. தண்ணீரே குடிப்பதில்லையா என்று டாக்டர் கேட்டாராம். எங்கள் தெருவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நானும் சிரித்தேன்.

காளியாத்தாள் வீட்டு விஷயத்துக்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. அவள் கந்தப்பண்ணனின் பெண்டாட்டி. கந்தப்பண்ணன் எங்களுக்குப் பங்காளி, ஆகவே அவள் எங்களுக்கு நங்கை, அண்ணன் மனைவி முறை. மாடு வாங்கக் கடன் வாங்கியிருந்தார்கள். கந்தப்பண்ணனுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்து, திருச்சூர் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுவந்த நேரம். பார்க்க ஒறம்பரைகள், அதாவது சொந்தக்காரர்கள், ஆரஞ்சும் ரொட்டியுமாக வந்துகொண்டிருந்தார்கள். அவர்களோடு தனபாலும் வந்தான். எல்லாரும் உள்ளே போய்ப் பார்த்தார்கள். இவன் மட்டும் வாசலில் நாற்காலியைப் போட்டான்.

சொம்பைக் காலடியில் வைத்ததும் வந்திருந்தவர்களின் பேச்சு நின்றுபோனது. காளியாத்தாள் கீழே இருந்த சொம்பை எடுத்து, இரண்டாவது முறை அவன் கையிலேயே கொடுத்தாள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"குடிங்க தம்பி. அவரு உள்ள படுத்திருக்கறாரு, காது நல்லாக் கேக்குது. அடுத்த பால் காசு வந்ததும் அடவைக் கட்டிப்போடறேன்."

அடவு என்றால் தவணை. தனபால் சொம்பை வாங்கி மறுபடி கீழே வைத்தான்.

"தாகமில்லீங் நங்கை. இருக்கட்டும்."

அன்றைக்கு மத்தியானமே கறவையில் இருந்த மாட்டை அவள் தரகனுக்குப் பிடித்துக் கொடுத்தாள். பாதி விலை. அவன் தண்ணீர் குடித்துவிட்டுப் போனான். ஆடி பிறப்பதற்குள் கந்தப்பண்ணன் போய்விட்டார். தனபால் வைத்த சொம்புதான் கொன்றது என்று பேசினார்கள். அது அநியாயம், கொன்றது நோய்தான். ஆனால் கடன் வாங்கியவர் செத்தால் மிச்சக் கடனை இன்சூரன்ஸ் கட்டிவிடும் என்று பிறகுதான் தெரிந்தது. கடன் தீர்ந்தது. மாடு போனது போனதுதான்.

தனபாலின் மகள் சிவசங்கரி கொல்லங்கோட்டில் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். தங்கமான பெண். இந்தக் காலத்தில் எங்கள் ஜனத்தில் பெண் கிடைக்காமல் மாப்பிள்ளைகள் வயது தப்பி அலைகிறார்கள். அப்படிப்பட்ட காலத்திலும் அவளுக்கு வந்த ஜாதகமெல்லாம், யார் மகள் என்று தெரிந்ததும் வந்த வழியே திரும்பின. அவள் அதற்கெல்லாம் வருத்தப்படவில்லை. வினோ விஷயத்தில்தான் வருத்தப்பட்டாள்.

வினோ பொள்ளாச்சிப் பக்கம் நார் மில்லில் சூப்பர்வைசர். காளியாத்தாளின் தம்பி மகன். அத்தையைப் பார்க்க வருவான், அத்தைக்குப் பிரஷர் மாத்திரை வாங்க அந்த மருந்துக் கடைக்குப் போவான். போகப் போக, மாத்திரை தீராவிட்டாலும் போனான். இரண்டு பேருக்கும் பிடித்துப்போனது. பையன் வீட்டிலும் தடை சொல்லவில்லை. ஒரே ஒரு விஷயம்தான். காளியாத்தாள்தான் தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள். அக்கா வந்து கை நனைக்கட்டும், மற்றதைப் பிறகு பேசலாம் என்று வினோவின் அப்பா சொல்லி அனுப்பினார். சம்பந்தம் ஒத்துவந்தால்தான் பெண் வீட்டில் கை நனைப்பார்கள், அதாவது சாப்பிடுவார்கள். ஒத்துவராவிட்டால் அப்படியே எழுந்துவிடுவார்கள்.

அப்பா பார்த்துக்கொள்கிறேன் என்று மகளிடம் சொல்லிவிட்டு, தனபால் ஒரு சீப்புப் பழத்தோடு காளியாத்தாள் வீட்டுக்குப் போனான். அவள் தண்ணீர் கொடுத்தாள். இவன் ஒரு சொம்பையும் குடித்து, இன்னொரு சொம்பு கேட்டு வாங்கிக் குடித்தான். அழைத்தான். வருகிறேன் என்றாள். நேராக என் மெஷினுக்கு முன்னால் வந்து நின்றான். முகம் அப்படி மலர்ந்து கிடந்தது.

"முடிஞ்சுதம்மிணி. ரெண்டு சொம்பு குடிச்சுட்டு வந்தேன். இனி நங்கைக்கு ஒரு கோவமுமில்லை."

அவள் ஏதாவது சொன்னாளா என்று கேட்டேன். சொல்ல என்ன இருக்கிறது, அதுதான் நான் குடித்துவிட்டேனே என்றான். எனக்குச் சுருக்கென்றது. தண்ணீரைக் குடித்தால் தீருவது குடிக்கிறவனின் கோபம். கொடுத்தவளின் கோபம் எப்படித் தீரும்? இத்தனை வருஷம் நாற்காலியில் உட்கார்ந்தவனுக்கு அந்தப் பக்கம் நின்று கொடுக்கிறவள் கண்ணில் படவேயில்லை.

பெண் பார்க்க வந்த அன்று ஆனந்தியோடு, அதுதான் அவன் பெண்டாட்டி, நானும் விடியலிலிருந்து அடுப்படியில் நின்றேன். கேசரி, கச்சாயம், ஒறம்பரை அத்தனை பேருக்கும் சாப்பாடு. இரண்டு காரில் வந்தார்கள். காளியாத்தாள் கடைசியாக இறங்கினாள். தாலி இழந்தவள் நல்ல காரியத்தில் முன்னே வரக் கூடாது என்று அவளே ஒதுங்கி வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். சிவசங்கரிதான் தண்ணீர் கொண்டுவந்தாள். உள்ளே எல்லாரும் குடித்தார்கள். வாசலுக்கு வந்து, குடிங்க பெரியம்மா என்று கொடுத்தாள். காளியாத்தாள் வாங்கி, அவள் கன்னத்தைத் தடவி, கடையில் எத்தனை மணி வரை வேலை என்று அன்பாகக் கேட்டாள். கேட்டுக்கொண்டே சொம்பைக் காலடியில் வைத்தாள்.

தெருவில் பால் கேனோடு போனவர்கள் நின்றார்கள்.

வினோவின் அப்பா தேதி பேசலாமா என்று அக்காவைக் கேட்க வெளியே வந்தார். சொம்பைப் பார்த்தார். உள்ளே போய்த் துண்டை எடுத்துத் தோளில் போட்டார். தனபால் ஓடிவந்து அவள் காலடியில் குந்தினான். உதட்டில் ஈரமில்லை.

"நங்கை, தண்ணியக் குடிங்க. நான் உங்கூட்டுல குடிச்சனல்லங்?"

"குடிச்சீங்க தம்பி. உங்களுக்கு எம் மேல என்ன கோவம் இருந்துச்சு, அது தீர்றதுக்கு? அன்னைக்கு நீங்க சொம்பைக் கீழ வெச்ச சத்தம் அவருக்குக் கேட்டுச்சு. போற வரைக்கும், தனபாலு குடிச்சானா, குடிச்சானான்னு என்னையக் கேட்டுட்டே கெடந்தாரு."

அவள் எழுந்து காரில் போய் உட்கார்ந்தாள். கார் நகரும்போது வினோ கண்ணாடியை இறக்கிப் பார்த்தான். இறங்கி வரவில்லை. கேசரி பாத்திரத்தோடு அப்படியே இருந்தது.

நான் மறுநாள் காளியாத்தாளிடம் சண்டைக்குப் போனேன். அவன் செய்ததற்குப் பிள்ளை என்ன பண்ணுவாள் என்று கேட்டேன். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பிள்ளை கையால் கொடுத்த தண்ணீரைக் குடித்திருக்கலாம்தான் என்றாள். அதற்கு மேல் எனக்கும் சண்டை போடத் தெம்பில்லை. வினோ கொஞ்ச நாள் போன் பேசினான். பிறகு ஆனைமலைப் பக்கம் பெண் அமைந்தது.

சொம்பு இப்போது எங்கும் பலிப்பதில்லை. கதை ஊரெல்லாம் போய்விட்டது. தனபால் குடிக்காமல் வைத்தால், தாகமில்லையா அண்ணா என்று சின்னப் பிள்ளைகள்கூடக் கேட்கிறார்கள். வசூல் விழுந்துவிட்டது. ஜோமோள் கத்துகிறாள். சம்பளத்தில் பிடித்ததெல்லாம் வட்டிக்கே போய், அவனுடைய சொந்தக் கடன் அப்படியே நிற்கிறது, அதனால் வேலையை விடவும் முடியாது. நல்லா வேணும் என்று முதலில் நினைத்தேன். இப்போது அப்படியும் நினைக்க முடியவில்லை.

போன வாரம் ஆனந்தியின் ஜாக்கெட்டைக் கொடுக்க அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். நல்ல வெயில். சிவசங்கரி கடையிலிருந்து பஸ்ஸில் வந்து, ஸ்டாப்பிலிருந்து நடந்து வந்தாள். கழுத்தெல்லாம் வியர்வை. தனபால் எழுந்து போய், அவனே பானையில் மொண்டு, சொம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்து நீட்டினான்.

"குடி சாமி."

அவள் மரியாதையாக வாங்கினாள். குனிந்து, அவன் காலடியில் வைத்தாள்.

"தாகமில்லீங்ப்பா. இருக்கட்டும்."