சிவப்புச் சீட்டு கட்டிய பாட்டில்

அப்பாவுக்கு எதைப் பார்த்தாலும் முதலில் தேதிதான் கண்ணில் படும். ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில், வெளியிலிருந்து வரும் சரக்கைச் சோதித்து உள்ளே விடுவது அவர் வேலை. நாள் கடந்த பசையோ பெயிண்டோ வந்தால் சிவப்புச் சீட்டு கட்டி ஒதுக்கிவிடுவார். வீட்டில் பிஸ்கட் பாக்கெட்டும் அந்தச் சோதனைக்குத் தப்பாது.

அங்கே மெஷின் பொருத்த வந்திருந்த பிரெஞ்சு எஞ்சினியர் ஒருவருக்கும் அப்பாவுக்கும் எப்படியோ ஒத்துப்போயிற்று. இருவரும் பேசிக்கொள்ளும் இங்கிலீஷ் வேறு யாருக்கும் புரியாது என்பார்கள். ஒரு பொங்கலுக்கு அவர் மணிமங்கலத்தில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். சர்க்கரைப் பொங்கலை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். கிளம்பும்போது, நான் எந்த வருஷம் பிறந்தேன் என்று கேட்டு, சட்டைப்பையிலிருந்த சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார். அம்மா அதை ஜாதகச் சமாச்சாரம் என்றே முடிவு கட்டிவிட்டாள்.

"வருஷத்த மட்டும் வச்சிகினு இன்னா பாப்பாரு? மகம், சிம்ம ராசின்னு சொல்லுங்க."

மகத்துக்கு அப்பாவிடம் இங்கிலீஷ் இல்லை.

சித்திரையில் தன் ஊருக்குப் போய்த் திரும்பிய எஞ்சினியர், அப்பாவிடம் ஒரு ஒயின் பாட்டிலைக் கொடுத்திருந்தார். வீட்டுக்குள் சாராயமா என்று அம்மா வாசலிலேயே மறித்தாள். அப்பா அவளைக் கவனிக்காமல் பாட்டிலை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். லேபிளில் கோபுரம் வைத்த பெரிய மாளிகை, சுற்றிலும் திராட்சைத் தோட்டம், கீழே கொட்டை எழுத்தில் ஒரு வருஷம். பாட்டிலின் அடியில் கறுப்பாக வண்டல்.

"பத்து வருஷம் ஆயிடுச்சி. கசடு வேற கட்டிகினு கீது," என்றார். முகம் சுருங்கிப்போயிற்று. "நம்மள இன்னான்னு நெனச்சிட்டாரு? அவங்க ஊர்ல ரிஜெக்ட் ஆனது நமக்கா?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அது என் பள்ளி அடையாள அட்டையில் பிறந்த தேதியில் இருந்த அதே வருஷம். அதைச் சொல்ல வாயெடுத்தவள், அப்பாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். பத்து வருஷத்தில் கெட்டுப்போகும் என்றால் எனக்கும் பத்து வயதுதானே என்ற பயம் வேறு.

அப்பா பாட்டில் கழுத்தில் சிவப்புச் சீட்டைக் கட்டினார். மறுநாள் முருங்கை மரத்தடியில் ஊற்றினார். மாளிகைக்கு ஆசைப்பட்டு லேபிளை மட்டும் நான் ஊறவைத்து உரித்து நோட்டில் ஒட்டிக்கொண்டேன்.

அடுத்த மாதம் கம்பெனியில் அந்த எஞ்சினியருக்கு வழியனுப்பு விழா. அப்பா லீவு போட்டுவிட்டுப் படுத்திருந்தார். கூட வேலை பார்த்த தூத்துக்குடிக்காரரிடமிருந்து போன் வந்தது.

"அண்ணே, அவரு ஒங்களத்தான் கேட்டுக்கிட்டே இருக்காரு. பார்க்காம வண்டியில ஏற மாட்டேங்காரு."

"காச்சல்னு சொல்லிடு," என்று அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

போன வருஷம்தான் அந்த லேபிளைப் போனில் படம் பிடித்துத் தேடினேன். தோட்டம் இன்னும் இருக்கிறது. லேபிளில் இருப்பது திராட்சை பறித்த வருஷமாம். அந்தத் தோட்டத்து ஒயின் இருபது வருஷம் படுத்துக் கிடந்தால்தான் பதம் வருமாம். பழைய ஒயினில் வண்டல் இருப்பது இயல்புதானாம். குழந்தை பிறந்த வருஷத்துப் பாட்டிலைத் தேடிப்பிடித்துக் கொடுப்பது அவர்கள் வழக்கமாம், பிள்ளை வளர்ந்து பெரிதானதும் திறப்பதற்காக. அப்பாவிடம் இதைச் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

அன்று மரத்தடியில் சிவப்பாக ஓடி மண்ணில் இறங்கியதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நான் பிறந்த வருஷத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு போனவர் அவர்தான் என்பது மட்டும் அப்போது எனக்கு நினைவுக்கு வரவேயில்லை.