வெளிநாட்டுத் தலை

கடையைத் திறந்ததும் நெதெல்ச்சோ மூக்குக் கண்ணாடியைக் கழற்றுகிறார். அதைத் துடைக்கிற மெல்லிய துணியால் மேசைமேல் இருக்கும் ஆறு நோர்தா போன்களையும் துடைக்கிறார். முந்தின நாள் அவற்றை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள், துடைப்பதற்கு ஒன்றும் இராது. ஆனாலும் ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்கு நேரே சாய்த்துப் பார்த்து, வாயால் ஊதி, மறுபடி துடைப்பார். அதன் பிறகுதான் கண்ணாடி மூக்குக்குத் திரும்பும். எதிர் மேசையில் போன் உறை விற்கிற வெலிச்கா அக்கா இதைத் தினமும் பார்க்கிறார்.

"என்னப்பா, பொண்ணுங்களைக் குளிப்பாட்டியாச்சா? இன்னைக்காவது யாராவது பொண்ணு பாக்க வராங்களா?"

"வருவாங்க அக்கா. நல்ல இடம் மெதுவாத்தான் அமையும்."

"அமையட்டும். ஆனா உடுத்திக்க ஒரு துணி கிடையாது. அம்மணமா எப்படிப்பா கட்டிக் குடுப்ப?"

அக்காவின் பின்சுவரில் முந்நூறு வகை உறை தொங்குகிறது. சூரியகாந்தி போட்டது, பூனை போட்டது, உள்ளே தண்ணீரும் மினுக்குப் பொடியும் ஓடுவது. நோர்தாவுக்குப் பொருந்துவது ஒன்றுகூட இல்லை. உறை செய்கிறவன் எந்த போன் அதிகம் விற்கிறதோ அதற்குத்தானே செய்வான்?

நோர்தா என்பது வெறும் போனின் பெயர் அல்ல. அதற்குள் ஓடும் மென்பொருள் எல்லாமே தனி வகை. உலகம் முழுக்க இரண்டே இரண்டு பெரிய வீடுகளில் குடியிருக்கும்போது, மூன்றாவதாக ஒரு வீட்டைக் கட்டி வைத்துக்கொண்டு வாருங்கள் வாருங்கள் என்று கூப்பிடுகிறது ஹெல்சிங்கியில் இருக்கிற ஒரு கம்பெனி. பல்கேரியாவின் ஸ்லிவென் நகரத்தில், மலைக்காற்று கடைப்பலகைகளைப் போட்டு ஆட்டுகிற அந்த நடைத்தெருவில், அப்படிக் கூப்பிடும் வாய் நெதெல்ச்சோவுடையது. ஐம்பத்தாறு வயது. தொப்பை கொஞ்சம், பொறுமை நிறைய. சட்டைப்பையில் எப்போதும் ஒரு பொட்டலம் சூரியகாந்தி விதை இருக்கும். ஆள் வராத நேரத்தில் கொறித்துக்கொண்டே இருப்பதால், பொட்டலம் தினமும் மதியத்துக்குள் தீர்ந்துவிடுகிறது.

தோற்கிற குதிரையாகப் பார்த்துப் பணம் கட்டுவது அவருக்குக் கைவந்த கலை என்று அவர் மனைவி சொல்வாள். வீடியோ நாடா காலத்தில் ஊரெல்லாம் ஒரு வகைக் கருவி வாங்க, இவர் மற்ற வகையை வாங்கினார். படம் துல்லியமாகத் தெரிந்தது, போட்டுப் பார்க்கத்தான் நாடா கிடைக்கவில்லை. இன்றைக்கும் அதைப் பற்றிப் பேச்செடுத்தால், "படம் எவ்வளவு சுத்தமா இருந்துச்சு தெரியுமா?" என்பார்.

நோர்தாவின் மேல் அவருக்கு இருப்பது சம்பளத்துக்காக வந்த பிரியம் அல்ல. "மத்த போனெல்லாம் வீட்டுக்குள்ள நுழைஞ்ச உடனே அலமாரியைத் தொறந்து பாக்கிற விருந்தாளிங்க. இது வாசல்லயே நின்னு, உள்ள வரலாமான்னு கேக்கும்" என்பார். மூன்று நாள் மின்சாரம் தாங்கும். நடுவில் நடுவில் கத்தாது. உன்னைப் பற்றி ஊருக்குக் கோள் சொல்லாது. அவர் சொல்வது அத்தனையும் நிஜம். கேட்கிறவர்களும் நிஜம் என்றே ஒப்புக்கொள்கிறார்கள். ஒப்புக்கொண்டு, பத்திரமாக மேசைமேல் திருப்பி வைத்துவிட்டுப் போகிறார்கள்.

ஒன்றரை வருஷத்தில் விற்றது பதினொன்று. திரும்பி வந்தது ஒன்பது. மீதி இரண்டில் ஒன்று அவரிடமே இருக்கிறது. இன்னொன்று மலைமேல் தேனீ வளர்க்கிற ஒரு பெரியவரிடம் இருக்கிறது. அவர் அதைக் கொட்டகையில் டார்ச் விளக்காகத் தொங்கவிட்டிருக்கிறார், விளக்கு நன்றாக எரிவதாகச் சொல்லியனுப்பினார்.

திருப்பித் தருகிறவர்கள் கோபமாக வருவதில்லை. பேருந்து ஓட்டுகிற கொஸ்தாதின் வந்தபோது மன்னிப்புக் கேட்கிற முகத்தோடுதான் வந்தான்.

"அண்ணே, போன்ல ஒரு குறையும் இல்லண்ணே. ஆனா எங்க குடியிருப்பு ஆளுங்க எல்லாம் அந்த அரட்டைக் குரூப்லதான் இருக்காங்க. இதுல அது வர மாட்டேங்குது. லிஃப்ட் நின்னுபோச்சுன்னு எனக்கு மட்டும் தெரியாம, எட்டு மாடிக்கும் ஒரு சாக்கு உருளைக்கிழங்கைத் தூக்கிட்டு ஏறுனேன். தெரிஞ்சிருந்தா அன்னைக்கு வாங்கியே இருக்க மாட்டேன்."

"சாதாரண மெசேஜ் அனுப்பச் சொல்லலாமே, தம்பி?"

"எனக்காக ஒருத்தன் தனியா மெசேஜ் அனுப்புவானா? நான் என்ன மேயரா?"

நெதெல்ச்சோ பணத்தை எண்ணிக் கொடுத்தார். போனை வாங்கித் துடைத்து வரிசையில் வைத்தார். அன்று வெலிச்கா அக்காவிடம் சொன்னார்: "போனை யாருக்கா வாங்குறாங்க? அதுக்குள்ள இருக்கிற ஆளுங்களைத்தான் வாங்குறாங்க. நம்ம வீடு நல்லாத்தான் இருக்கு, தெருவுலதான் ஆளில்ல."

ஆட்களை வரவழைக்க அவர் செய்யாத முயற்சி இல்லை. நகரப் பேருந்துச் சீட்டுச் செயலியைச் செய்யும் அலுவலகத்துக்கு மூன்று முறை நடந்தார். உங்கள் போனில் எத்தனை பேர் இருக்கிறார்கள், ஆயிரம் பேர் சேரட்டும், செய்து தருகிறோம் என்றார்கள். செயலி வந்தால்தான் ஆயிரம் பேர் சேருவார்கள் என்றார் இவர். கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்ற கதைதான். மாப்பிள்ளை இன்னும் மணையில் உட்காரவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கூத்து இருந்தது. கை அழுக்காக இருக்கும்போது போன் வந்தால் தொடவே வேண்டாம்; திரையைப் பார்த்துத் தலையை மேலும் கீழும் அசைத்தால் அழைப்பை எடுத்துக்கொள்ளும், பக்கவாட்டில் ஆட்டினால் துண்டித்துவிடும். நோர்தாக்காரர்கள் பெருமையோடு சேர்த்த வசதி இது. ஆனால் பல்கேரியாவில் தலை வேறு மாதிரி பேசும். முகவாயைத் தூக்கி மேலும் கீழும் அசைத்தால் 'இல்லை', பக்கவாட்டில் ஆட்டினால் 'ஆமாம்'. கை முழுக்க மாவோடு நின்ற ஒரு ரொட்டிக்கடை அம்மாள், பர்காஸிலிருந்து கூப்பிட்ட மகனிடம் பேசத் தலையைப் பக்கவாட்டில் ஆட்டினாள். துண்டித்தது. மகன் மறுபடி கூப்பிட்டான். இன்னும் வேகமாக ஆட்டினாள். நான்கு முறை இப்படி நடந்தபின், அம்மாவுக்குத் தன்மேல் என்னவோ கோபம் என்று பயந்து, மகன் வேலையைப் போட்டுவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி வந்துவிட்டான். மறுநாள் போன் மாவோடு கடைக்குத் திரும்பியது.

"என்ன போனுய்யா இது? 'பேசுறேன், பேசுறேன்'ங்கறேன், மூஞ்சில அடிக்குது!"

இதையெல்லாம் நெதெல்ச்சோ ஹெல்சிங்கிக்கு எழுதினார். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஆங்கிலத்தில், நான்கு நீண்ட கடிதங்கள். குடியிருப்பு அரட்டைக் குழு, பேருந்துச் சீட்டு, உறை, தலை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி. நான்குக்கும் ஒரே பதில் வந்தது: உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் மதிப்புள்ளது. முதல் பதிலை மனைவியிடம் காட்டினார். மற்ற மூன்றைக் காட்டவில்லை.

வெளிநாட்டார் தலை எப்படி ஆடும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். இளமையில் ஆறு வருஷம் ஹாம்பர்க்கில் ஒரு ஓட்டல் வரவேற்பு மேசையில் நின்றவர். முதல் வாரத்திலேயே அறை காலியாக இருக்கிறதா என்று கேட்ட மூன்று குடும்பங்களை, 'ஆமாம்' என்று தலையாட்டியே திருப்பி அனுப்பிவிட்டார். அப்புறம் பழகிக்கொண்டார். "வெளிநாட்டானுக்கு வெளிநாட்டுத் தலை, நம்மாளுக்கு நம்ம தலை. என்கிட்ட ரெண்டும் இருக்கு, மாத்தி மாத்தி மாட்டிக்குவேன்" என்பார். சுற்றுலா வந்தவர்கள் வழி கேட்டால், ஒரு நொடி கண்ணை மூடித் திறந்துவிட்டுத்தான் தலையை அசைப்பார். தலை மாற்றுகிற நேரம் அது.

போன செவ்வாய்க்கிழமை ஹெல்சிங்கியிலிருந்து ஒரு பெண் வந்தாள். பெயர் ரீக்கா. நல்ல உயரம். சிரித்த முகம். இந்த மேசையைத் தொடர்ந்து வைப்பதா, எடுத்துவிடுவதா என்று பார்த்து எழுத வந்தவள். அந்த மேசைக்கு நோர்தா கொடுக்கும் வாடகையில்தான் கடையில் பாதி ஓடுகிறது. அது நின்றால் கடையைப் பாதியாகக் குறுக்கிவிடுவேன், உனக்கும் வெலிச்காவுக்கும் வேலை இராது என்று முதலாளி முன்பே சொல்லிவிட்டார். காலையில் வெலிச்கா அக்கா வழக்கமான கேலி எதையும் பேசவில்லை.

"நல்லாப் பேசுப்பா. எனக்குப் பென்ஷனுக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கு. இந்த வயசுல என்னை யாரு வேலைக்கு எடுப்பா?" என்றார். பிறகு குனிந்து, மேசைக்கு அடியிலிருந்த சாக்லேட் பெட்டியைக் காட்டினார். நல்லது நடந்தால் பெட்டியைத் திறந்து கண்ணில் படுகிறவர்க்கெல்லாம் நீட்டுவது இங்கே வழக்கம். "வாங்கி வச்சுட்டேன். திறக்க வை."

ரீக்கா மேசைக்குப் பக்கத்தில் நிற்கவில்லை. நான் நின்றால் உங்கள் வாடிக்கையாளர் கூச்சப்படுவார் என்று சொல்லி, இயந்திரத்தில் ஒரு காபியைப் பிடித்துக்கொண்டு, பேச்சுக் காதில் விழாத தூரத்தில், கண்ணாடிச் சுவரோரம் போய் நின்றுகொண்டாள். கையில் ஒரு குறிப்பேடு.

அன்றைக்கென்று கூட்டம் வந்தது. வெளியே காற்று அப்படி. ஒதுங்க வந்தவர்கள் பாதிப் பேர். நெதெல்ச்சோ ஒருவரையும் விடவில்லை. காட்டினார், விளக்கினார், கையில் கொடுத்தார். குடியிருப்புக் குழு வருமா என்று ஒருவர் கேட்டார். வராது என்றதும் முகவாயைத் தூக்கி, நாக்கை மேலண்ணத்தில் 'ட்ஸ்' என்று தட்டி, தலையை மேலும் கீழும் அசைத்துவிட்டுப் போனார். பேத்தி படங்கள் எல்லாம் பழைய போனில் இருக்கின்றன, அவை எல்லாம் இங்கே வந்து சேருமா என்று ஒரு அம்மாள் கேட்டாள். பாதி வரும் என்றார் இவர். எந்தப் பாதி என்றாள் அவள். அவளும் மேலும் கீழும் அசைத்தாள். மதியத்துக்குள் ஏழு பேர். ஏழு தலையும் மேலும் கீழும்.

ரீக்கா துள்ளாத குறையாக மேசைக்கு வந்து ஆங்கிலத்தில் சொன்னாள்:

"எத்தனையோ ஊர் பாத்துட்டேன். இப்படி ஒரு ஊரைப் பாத்ததே இல்ல! ஏழு பேர் வந்தாங்க, ஏழு பேரும் சரின்னாங்க. இப்ப கையோட வாங்கலைன்னா என்ன, சம்பளம் வந்ததும் வருவாங்க, இல்லையா?"

நெதெல்ச்சோவுக்கு முதலில் புரியவில்லை. பரிகாசம் செய்கிறாளோ என்று பார்த்தார். குறிப்பேட்டில் ஏழு சரிக்குறிகள் ஒன்றின் கீழ் ஒன்றாக, அழகாகப் போட்டிருந்தன. அவள் எண்ணியது தலையசைப்பை என்று அப்போதுதான் உறைத்தது.

"நான் லெட்டர் எழுதியிருந்தேன். நாலு லெட்டர். படிச்சீங்களா?" என்றார்.

"லெட்டரா? அது வேற பிரிவுக்குப் போகும்" என்றாள் அவள், வருத்தத்தோடுதான். "ஆனா இனிமே லெட்டர் எதுக்கு? நானே நேர்ல பாத்துட்டேனே! இதுல எதையும் மாத்த வேண்டாம், இப்படியே இன்னும் ஒரு வருஷம் நடத்தலாம்னு எழுதப் போறேன். சொல்லுங்க, இந்த ஊர்க்காரங்களுக்கு இது பிடிச்சிருக்கு, அப்படித்தானே?"

பேனா எட்டாவது சரிக்குறிக்குக் காத்திருந்தது.

எதையும் மாற்ற வேண்டாம். அந்தச் சொல்தான் நெதெல்ச்சோவைக் குத்தியது. இன்னும் ஒரு வருஷம், அதே ஆறு போன், அதே துணி. கொஸ்தாதின் மாதிரி இன்னும் எத்தனை பேர் மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு வந்து நிற்பார்கள்? நல்ல சாமான், யாரும் உண்மையைச் சொல்லாததால் செத்துப்போகப் போகிறது. எதிர் மேசையில், ஆங்கிலம் புரியாத வெலிச்கா அக்கா உறைகளை அடுக்குகிற பாவனையில் இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு வருஷம்.

பாம்பும் சாகாமல் கோலும் முறியாமல் ஒரு வழி இருந்தது. அது அவருக்குத் தெரியாமல் இல்லை. தன் ஊர்த் தலையை, தன் ஊர் முறைப்படி, மேலும் கீழும் அசைத்தால் போதும். அவர் சொல்வது 'இல்லை'. அவள் காண்பது 'ஆமாம்'. பொய் சொன்னதாக எந்தச் சாமியும் கணக்கு வைக்க முடியாது. மேசையும் நிற்கும், அக்காவும் நிற்பார். முகவாய் தானாகவே கொஞ்சம் மேலே எழும்பத் தொடங்கியிருந்தது.

நெதெல்ச்சோ ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தார். பிறகு ரீக்காவை நேராகப் பார்த்து, தலையை இடமும் வலமும் ஆட்டினார், மெதுவாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல், ஹாம்பர்க்கில் ஆட்டின மாதிரி.

ரீக்காவின் முகத்தில் சிரிப்பு கலைந்தது. பேனா தாளின் மேலேயே நின்றுபோயிற்று. எதிர் மேசையில் வெலிச்கா அக்கா சிலுவைக்குறி போட்டுக்கொண்டு, குனிந்து சாக்லேட் பெட்டியை எடுத்து, மேல்தாளைச் சரசரவென்று கிழித்துத் திறந்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அவரை நோக்கி வந்துகொண்டிருந்தார்.