நான் சறுக்கிய இடமெல்லாம் மரம்

சனிக்கிழமை காலை எட்டரை மணிக்குக் கொட்டகலையில் ரயில் ஏறினோம். ஆறு இளைஞர்கள், மண்வெட்டிகள், ஒரு கூடாரம், நான். வேலைக்கு ஆகாதவை கடைசி இரண்டும். கூடாரத்தைக் கோதுமை மாச்சாக்கில் தைத்ததும் நான்தான். கடைவீதியில் தையல்கடை வைத்திருக்கிறேன். "பெரியவங்க ஒருத்தர் கூட வந்தாத்தான் வீட்டுல விடுவாங்க" என்று கூப்பிட்டார்கள். வயதைத் தவிர என்னிடம் வேறெதையும் அவர்கள் எதிர்பார்க்கவில்லை.

சிங்கமலைச் சுரங்கம் எல்லார் முகத்திலும் கரி பூசியது. அட்டனில் பத்துச் சதத்துக்குப் பிளேன்டீ. றொசல்லையில் இறங்கி இரண்டு மைல் ஏற்றம்.

கூட்டத்தின் தலைவன் நடராசா. அவன் வீட்டார் இருக்கும் தோட்ட லயத்துக்குத் தண்ணீர் தரும் ஊற்று, மொட்டைச் சரிவொன்றின் அடியில் இருக்கிறது. சரிவிலிருந்த மரங்களை விறகுக்கு வெட்டியதிலிருந்து மாசியில் ஊற்று வற்றிவிடுகிறது. அவன் அம்மா குடத்தோடு அடுத்த தோட்டத்துக்கு நடக்கிறாள். வனக்காவலர் பண்டா மரக்கன்றுகள் தந்து சொல்லியிருந்தார்: "காடா வரும்னு தெரிஞ்சா மேல ஆபீசுல சொல்றேன். இல்லேன்னா இந்த எடத்தை உருளைக்கிழங்கு போடக் குடுத்துருவாங்க."

பொழுது சாய்வதற்குள் கன்றுகளை நட்டுவிட்டார்கள். இரவில் மழை. கூடாரம் நான் தைத்த இடங்களில் மட்டும் ஒழுகியது.

"அண்ணே, சட்டையும் இப்புடித்தான் தைப்பீங்களா?" என்றான் மருதமுத்து.

"மழையில நிக்காதேன்னு சொல்லித்தானே குடுக்குறேன்."

ஞாயிறு காலை பண்டா வந்தார். சரிவைப் பார்த்தார்.

"தம்பி, இது காடா, புதுசா போட்ட தேயிலை மலையா?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். கயிறு பிடித்து, மேலிருந்து கீழே, தேயிலை நடும் நெருக்கத்தில் நேர்நேராக நட்டிருந்தார்கள்.

"நடுவுல தண்ணிக்கு ரோட்டு போட்டுட்டீங்களே. மழை பேஞ்சா ஓடிப் போயிரும், மண்ணுக்குள்ள எங்க எறங்கும்? இதைக் காடுன்னு நான் எப்படிச் சொல்ல?" பண்டா கல்லில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். "மாத்துங்க. இருந்து பாக்குறேன்."

நடராசா கன்றுகளைப் பிடுங்கத் தொடங்கினான். ஆனால் தோட்டத்துக் கண்டாக்கின் மேற்பார்வையில் தேயிலை நட்டுப் பழகியவர்களுக்குக் கலைத்து நட வரவில்லை. இரண்டு கன்று தள்ளித் தள்ளிப் போகும். மூன்றாவது வந்து வரிசையில் நிற்கும்.

"லைன் தப்புனா கண்டாக்கு ஏசுவாரேன்னு கை பயப்படுது" என்றான் நடராசா. பிறகு என்னைப் பார்த்தான். "அண்ணே, உச்சியில இருந்து சும்மா எறங்கி வாங்க."

"எதுக்குடா?"

"வாங்களேன்!"

இறங்கினேன். ஈர மண், என் கால்கள். நான் சறுக்கிய இடத்தில் ஒரு குச்சி, உட்கார்ந்த இடத்தில் ஒரு குச்சி, புரண்ட இடத்தில் ஒன்று. "இன்னொரு தடவை, அண்ணே!" மத்தியானம் வரை விழுந்தேன். குச்சி நின்ற இடத்திலெல்லாம் கன்று வைத்தார்கள். வாழ்க்கையில் இவ்வளவு உற்சாகமாக யாரும் என்னை வேலை வாங்கியதில்லை.

பண்டா எழுந்து சுற்றிப் பார்த்தார். "இது காடு" என்றார். "மேல சொல்றேன்."

இறங்கும்போது நடராசா என் மூட்டையையும் வாங்கிச் சுமந்தான். மாசியில் ஊற்றில் தண்ணீர் நிற்குமா என்பது மாசிக்குத்தான் தெரியும்.

வளைவில் நின்று திரும்பிப் பார்த்தேன். கண்ணுக்கெட்டிய மலையெல்லாம் கோடு பிசகாத தேயிலை. நடுவே, என் தையலைப் போல, ஒரு துண்டு.