குமுளி விருந்தும் ஜீப் சாவியும்

தமிழ்நாட்டில் மதுவிலக்கு இருந்த காலம் அது. கம்பத்து ஆண்களுக்கு விருந்து என்றால் குமுளியில்தான். மலையேறினால் கேரளா. அங்கே கடை உண்டு, கேட்க ஆளில்லை. திரும்பும்போதுதான் வில்லங்கம். அடிவாரச் செக்போஸ்ட்டில் போலீஸ்காரர்கள் ஜீப்பின் சீட்டைத் தூக்கிப் பார்ப்பார்கள், பாட்டில் அகப்பட்டால் வழக்கு. அதனால் வாங்கியதையெல்லாம் மேலேயே குடித்துத் தீர்த்துவிடுவது என்று ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். மிச்சம் வைத்தால் கீழே கொட்ட வேண்டும், கொட்ட எவனுக்கு மனசு வரும்? வாசம் தெரியாமலிருக்க வாயில் நாலு ஏலக்காய் போட்டுக்கொண்டால் கடமை முடிந்தது. பயமெல்லாம் போலீஸ்மேல்தான். இறங்கும் வழியிலிருக்கும் வளைவுகளைப் பற்றி ஒருவர் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை.

என் மூத்தார், அதாவது வீட்டுக்காரருடைய அண்ணன், ஏலக்காய் வியாபாரி. வீட்டு ஜீப்பை அவர்தான் ஓட்டுவார். அவரோடு வியாபாரம் செய்த ஒருவர் குமுளியில் புது வீடு கட்டிப் பால் காய்ச்சினார். மூத்தார், மாமியார், நாங்கள் இருவர், எங்கள் மூன்று வயது மகள் எல்லோரும் போனோம்.

அந்தக் குடும்பத்தில் தம்பி பெண்டாட்டி மூத்தாரிடம் நேராகப் பேசக் கூடாது. காபி வேண்டுமா என்று கேட்பதென்றால்கூட மகளைத்தான் அனுப்புவேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் குரல் அவர் காதில் நேராக விழுந்ததில்லை. இது என்ன மரியாதையோ என்று எனக்குள் எரிச்சல் உண்டு. ஆனாலும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

பகல் சாப்பாடு முடிந்ததும் ஆண்கள் பின்கட்டுக்குப் போனார்கள். நேரம் ஆக ஆக அங்கிருந்து வந்த சிரிப்புச் சத்தம் ஏறிக்கொண்டே போனது. வானம் இருட்டுகிறது, மழைக்கு முன்னால் இறங்கிவிடலாம் என்று மாமியார் ஆள் விட்டார். சொன்னதும், பாட்டிலில் கிடந்ததை அவசர அவசரமாக முடித்துவிட்டு வந்தார்கள். மூத்தார் படியிறங்கும்போது கால் மடங்கித் தூணைப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் வந்ததும் ஏலக்காய் கமகமவென்று வந்தது.

மகள் "பெரியப்பா!" என்று ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டாள். ஜீப்பில் அவளை மடியில் வைத்து, ஸ்டியரிங்கைப் பிடிக்கவிட்டு ஓட்டுவது அவர் பழக்கம். பிள்ளைக்கு அது என்றால் உயிர். அன்றைக்கும் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். சாவியை எடுத்துச் செருகப் பார்த்தார். அது துளையை விட்டுவிட்டு அங்கும் இங்கும் போய் முட்டியது. "நீ போடு தாயி" என்று சிரித்தார். மூன்று வயசுப் பிள்ளைதான் சாவியைச் சரியாகப் போட்டது.

பின்னால் ஏறப்போன வீட்டுக்காரரின் கையைப் பிடித்து, "அவுகள ஓட்ட வேணாம்னு சொல்லுங்க" என்றேன்.

"அண்ணங்கிட்ட நான் எப்படிச் சொல்லுறது? கண்ணக் கட்டி விட்டாக்கூட இந்த மலையில ஓட்டுவாக. பேசாம ஏறு."

மாமியார் காதில் எல்லாம் விழுந்தது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். இனி ஒருவரும் சொல்லப்போவதில்லை என்று புரிந்தது. எஞ்சின் உறுமியது. சுற்றிக்கொண்டு முன்பக்கம் போனேன்.

"பிள்ளையக் குடுங்க" என்றேன்.

யார் பேசியது என்று அவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பிறகு, "ஆத்தா, ஒன் மருமக எங்கிட்டப் பேசுது!" என்றார். விருந்துக்கு வந்தவர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அவர் பிள்ளையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "போயி ஏறச் சொல்லு" என்று மாமியாரைப் பார்த்துச் சொன்னார். சொல்லிக்கொண்டே கியரைத் தேடினார்.

கையை உள்ளே விட்டுச் சாவியைத் திருகி உருவினேன். எஞ்சின் நின்றது. சாவியை ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டேன். அங்கே கை வைக்க அந்த வீட்டு ஆண்கள் யாராலும் முடியாது.

வீட்டுக்காரர் குதித்து வந்து கையை ஓங்கினார். "அத்தன பேரு முன்னால எங்க மானத்த வாங்குறியா?"

"அடிங்க. அடிச்சாலும் தர மாட்டேன்" என்றேன். வீட்டுக்குச் சொந்தக்காரர்தான் இடையில் புகுந்து, "ஜீப்பு இங்கன கிடக்கட்டும். நாளைக்கு ஆள் போட்டு அனுப்புறேன். பஸ்ஸு வர்ற நேரம்தான்" என்று தணித்தார்.

சாவியை அவரிடம் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். மகள் பெரியப்பா ஜீப் வேண்டும் என்று அழுதாள். மூத்தார் எங்களுக்கு முன் சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து என்னைக் கேட்காத கேள்வியெல்லாம் கேட்டுத் திட்டிக்கொண்டு வந்தார். முதல் வளைவில் குரல் குழறியது. இரண்டாவது வளைவில் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். வாய் திறந்திருக்க, தலை ஜன்னல் கம்பியில் இடித்து இடித்து ஆடியது. அத்தனை இடிக்கும் அவர் விழிக்கவில்லை. என் பக்கத்தில் இருந்த வீட்டுக்காரர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துவிட்டு, என் மடியிலிருந்த பிள்ளையை வாங்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார்.

அடிவாரத்தில் போலீஸ் ஏறியது. ஜீப்பில் போகும் வியாபாரிகளை அவர்கள் வாயை ஊதிக் காட்டச் சொல்வதில்லை. பஸ் என்றால் எல்லோரும் ஊத வேண்டும். வாடை தெரிந்ததும், குடித்ததற்கு வழக்கு என்று அண்ணன் தம்பி இரண்டு பேரையும் இறங்கச் சொன்னார்கள். மாமியார் தலையிலடித்துக்கொண்டு, "குடும்பத்தச் சந்தியில நிறுத்திட்டாளே பாவி!" என்று என்மேல் பாய்ந்தார். பஸ்ஸே என்னைப் பார்த்தது.

வீட்டுக்காரர் பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு நின்றார். போலீஸ்காரர் அவர் தோளைப் பிடித்து இழுத்தார்.

"அவள ஒண்ணும் சொல்லாத ஆத்தா" என்றார் வீட்டுக்காரர். "அண்ணன் ரெண்டாவது வளைவுலயே தூங்கிட்டாக. நான் பாத்தேன்."