இறுகிய சதுரம்

பார்சலைக் கட்டியிருந்த சணல் கயிற்றின் வாசனை மூக்கில் ஏறியதுமே நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனி வாசலில் நின்ற வேப்பமரத்தடிக்குப் போய்விட்டேன். பார்சலுக்குள் இருந்தது உல்லன் நூல். பிறக்கப்போகும் பேரப்பிள்ளைக்குப் போர்வை பின்ன, போனில் வீடியோ பார்த்துப் பின்னப் படித்துக்கொண்டு வாங்கியது.

அந்த மரத்தை வெட்டி இப்போது குடோன் கட்டிவிட்டார்கள். பள்ளி விடுமுறையில் நான் சோறு கொண்டுபோனால், காலையிலிருந்து அணுகுண்டு வெடிமேல் சணல் சுற்றிய அம்மா, சாப்பிட்டுக் கைகழுவிய ஈரத்தோடு, அப்போது வயிற்றில் இருந்த தம்பிக்காகப் போர்வை பின்ன உட்காருவாள். தீப்பொறிக்குப் பயந்து கம்பெனிக்குள் இரும்பு ஆகாது என்பதால் மூங்கிலில் சீவிய கொக்கி ஊசி. போர்வைக்குச் சேர்க்கும் ஒவ்வொரு சதுரத்துக்கும் நடுவில் சின்ன வளையம், அதைச் சுற்றி மும்மூன்று கண்ணிகள், மூலைகளில் மட்டும் இரட்டிப்பு, அவ்வளவுதான். ஆனால் நாலு சுற்றுக்குள் சதுரம் கிண்ணமாகக் குவிந்துவிடும்.

"ஏத்தா, வெடிக்குச் சுத்துறாப்புல இழுக்காத. கைய லூசா விடு" என்பாள் உடன் வேலைபார்த்த பாக்கியத்தக்கா.

"லூசா விட்டா வெடி புஸ்ஸுன்னு போயிருமேக்கா. கை அதத்தான படிச்சிருக்கு" என்று அம்மா சிரிப்பாள்.

போர்வை முடியவேயில்லை. அந்தக் கிண்ணம் தம்பிக்குத் தொப்பியானது. சாப்பாட்டு நேரம் முடிந்து சங்கு ஊதியதும் என்னை வாசலோடு நிறுத்தி, "போயி பொஸ்தகத்த எடு" என்று திருப்பி அனுப்பிவிட்டுத்தான் அம்மா உள்ளே போவாள்.

இன்று நான் பின்னிய முதல் சதுரம் மேசைமேல் தட்டையாகப் படிந்து கிடக்கிறது. என் கைக்கு இறுக்கத் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டவள் அம்மா.